ஒரு அட்டை, மூன்று அடுப்பு: பேரிடர் நிவாரணப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கம் ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். ரேஷன் அட்டையில் ஏழு பெயர். முன்பக்கம் அப்பாவும் அம்மாவும். மாடியில் மூத்த மகன், மருமகள், ஒரு பிள்ளை. பின்னால் தகரக் கூரை போட்டு இளையவனும் அவன் மனைவியும். மூன்று அடுப்பு தனித்தனியாக எரிகிறது. வெள்ளம் வந்து வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. அட்டைக்கு 1,000 ரூபாய் என்று அறிவிப்பு வருகிறது. மூன்று அடுப்புக்கும் சேர்த்து ஓராயிரம். அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கும் அதே ஓராயிரம். கடைக்காரர் ஒரு பைசா எடுக்கவில்லை. பட்டியலில் பிழை இல்லை. கணக்கு நேராக இருக்கிறது. ஆனாலும் அந்த வீட்டில் உலை வைக்கக் காசு போதவில்லை.

நிவாரணம் என்றதும் யார் சுருட்டினார்கள் என்றுதான் பேச்சு போகும். திருட்டே இல்லாத ஊரிலும் ஆட்கள் விடுபடுவார்கள் என்பதைப் பேச யாருமில்லை. எதை எண்ணுகிறோம், எந்தத் தேதியில் எண்ணுகிறோம், யாரை வைத்து எண்ணுகிறோம் என்ற மூன்று முடிவுகளிலேயே பாதி நியாயமும் பாதி அநியாயமும் தீர்மானமாகிவிடுகின்றன. கன்னியாகுமரி மாவட்டம் 2004 சுனாமி, 2017 ஒக்கி புயல், கொரோனா, 2021 நவம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மழை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டு உதவி, இரண்டு கணக்கு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அரசு தருவது ஒரே வகைப் பணமல்ல. உடனடி உதவி என்பது அடுத்த பத்து நாள் சாப்பாட்டுக்கு. இழப்பீடு என்பது போன பொருளுக்கு. முன்னது வேகமாக வர வேண்டும். அதற்கு அளவெடுக்க நேரமில்லை. பின்னது அளந்து, பார்த்து, எழுதித் தர வேண்டியது; கொஞ்சம் தாமதமானாலும் சரியாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்பினால் உடனடி உதவி தாமதமாகும், இழப்பீடு தப்பாகும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்குப் பின் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கடுமையாகப் பாதித்த வட்டங்களுக்கு அட்டைக்கு 6,000 ரூபாய் என்றும், அந்த மாவட்டங்களின் மற்ற வட்டங்களுக்கும் தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கும் 1,000 ரூபாய் என்றும் அரசு அறிவித்தது. இது உடனடி உதவி. நீர்ப்பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500, மானாவாரிக்கு 8,500, பசுவோ எருமையோ செத்தால் 37,500, ஆட்டுக்கு 4,000 என்று அப்போது வந்த தொகைகள் இழப்பீடு.

உடனடி உதவியை வட்டம் வட்டமாகப் பிரிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மழைக்கு வட்ட எல்லை தெரியாது. பழையாற்றின் கரையில் தாழ்ந்த வீடு ஒரு பக்கம் மூழ்கிக் கிடக்க, அதே வட்டத்தில் மேட்டில் இருப்பவர் வாசலில் ஈரம்கூட இருக்காது. வட்டத்தை விட்டு வருவாய்க் கிராமம் வரை இறங்கினால் எல்லை சரியாக விழும். ஆனால் பட்டியல் போட இரண்டு நாள் கூடும். பெரும்பாலும் இந்த இரண்டு நாளைக் கொடுப்பது நல்லது என்பதே எங்கள் கருத்து.

இரண்டு விதமான பிழை

ஒரு ஊராட்சியில் 1,000 குடும்பம், அதில் உண்மையிலேயே பாதித்தது 700 என்று வைப்போம். எல்லாருக்கும் ஆயிரம் கொடுத்தால் 10 லட்சம் செலவு. தேவையில்லாத 300 பேருக்கு 3 லட்சம் போகும். இது உரிமை இல்லாதவர் சேரும் பிழை. வீடு வீடாகப் பார்த்துத்தான் தருவோம் என்றால் அந்த 3 லட்சம் மிஞ்சலாம். ஆனால் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீடு, உறவினர் வீட்டுக்குப் போய்விட்டவர்கள், தாள் நனைந்துபோனவர்கள் என்று 700-இல் ஒரு 80 பேராவது கழன்றுவிடுவார்கள். இது உரியவர் விடுபடும் பிழை.

இரண்டையும் ஒரே நேரத்தில் பூஜ்யமாக்க முடியாது. ஒன்றை இறுக்கினால் மற்றது பெருகும். ஆனால் இரண்டும் ஒரே எடை கிடையாது. தப்பாகப் போன ஆயிரம் ரூபாய் அரசுக்கு இழப்பு, அவ்வளவுதான். விடுபட்ட வீட்டில் பத்து நாள் பட்டினி கிடந்தால் அதை மாதம் கழித்துத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே முதல் பத்து நாளில் தாராளமாகவும், இழப்பீட்டில் கண்டிப்பாகவும் இருக்க வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. இங்கே ரேஷன் எல்லாருக்கும் பொது. வறுமைக்கோட்டுப் பட்டியலைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதனால்தான் 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும், 2021-இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும், 14 வகை மளிகைப் பொருளும் அவ்வளவு வேகமாகப் போய்ச் சேர முடிந்தது. அட்டை என்பது ஏற்கெனவே தயாராக இருக்கும் பட்டியல்.

அந்தப் பட்டியலில் யார் இல்லை?

கன்னியாகுமரியில் இந்தக் கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லலாம். பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் படகில் போய் இறங்கும் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளில் அட்டை இருக்கும், கடை எட்டாது. டோக்கன் தேதி தவறினால் அன்றைய கூலியும் போய், படகுக் காசும் போகும். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களின் பதிவு வேறு. பொதுப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. செங்கல் சூளையிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களின் அட்டை அவர்கள் ஊரில் இருக்கிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்துவிட்டதால் அவர்களுக்கு இங்கே தானியம் கிடைக்க வழி உண்டு, மாநில அரசின் ரொக்க உதவி அந்த வழியில் வராது. கணவனை விட்டு வந்து தாய் வீட்டில் இருக்கும் பெண்ணின் பெயர் இன்னும் கணவன் வீட்டு அட்டையில் இருக்கும். அங்கே பணம் விழும், இவளுக்குத் தெரியவே தெரியாது. நாகர்கோவிலில் வாடகைக்கு இருப்பவர்களின் அட்டை விளவங்கோட்டில் இருக்கும். மூழ்கியது நாகர்கோவில் வீடு.

இவர்களுக்கெல்லாம் ஒரே தீர்வு கிடையாது. ஆனால் அட்டைப் பட்டியலோடு ஒரு துணைப் பட்டியலை முதல் நாளே தொடங்கிவிட வேண்டும் என்பது உறுதி. அட்டை இல்லாதவர், அட்டை வேறு ஊரில் உள்ளவர், அட்டை ஒன்று அடுப்பு பல என்று மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டு போதும். தனி அட்டை கேட்டு விண்ணப்பித்தால் தனிச் சமையலறை இருக்கிறதா என்று அதிகாரிகள் வந்து பார்ப்பது வழக்கம்தானே? அமைதிக் காலத்தில் அடுப்பை எண்ணுகிற அரசு, ஆபத்துக் காலத்திலும் எண்ணலாம்.

அளவுகோல் எவ்வளவு நுட்பமானது என்பதற்குக் கடற்கரையே சான்று. மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த ஒரே மாவட்டத்துக்குள் இரண்டும் இருக்கிறது. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு. குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் மேற்குக் கணக்கு. தடைக்கால நிவாரணம் எப்போது தர வேண்டும் என்பதைப் படகு எங்கே கட்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்; வீடு எங்கே இருக்கிறது என்பதை வைத்து எழுதினால் பிசகும்.

பட்டியலை எப்படிச் சரிபார்ப்பது

கிராம நிர்வாக அலுவலர் ஒருவரே எழுதி, அவரே கையெழுத்துப் போட்டு, அவரே அனுப்பும் பட்டியலை நம்பக் கூடாது. அவர் நேர்மையற்றவர் என்பதால் சொல்லவில்லை. ஒரே கண் பார்த்தால் ஒரே பிழை திரும்பத் திரும்ப விழும். குறைந்தது மூன்று பட்டியலை ஒப்பிட வேண்டும். ஒன்று, வட்ட வழங்கல் அலுவலகத்தின் அட்டைப் பட்டியல். இரண்டு, வருவாய்த்துறை நேரில் எடுத்த கணக்கு. மூன்று, ஊரே வைத்திருக்கும் பட்டியல்.

மூன்றாவதில்தான் கன்னியாகுமரிக்குப் பலம் இருக்கிறது. கடற்புறத்தில் தேவாலயப் பங்குகளில் அன்பியம் (பங்கில் உள்ள சிறு குடும்பக் குழு) அன்பியமாகக் குடும்பக் கணக்கு உண்டு. யார் கடலுக்குப் போயிருக்கிறார், யார் வளைகுடாவில், யார் படுக்கையில் என்பது அந்த அன்பியத்தில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். ஒக்கிக்குப் பிறகு கடலில் காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசு எண்ணிக்கையும் ஊர் எண்ணிக்கையும் பல நாள் ஒத்துவரவில்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி போன்ற ஊர்களில் ஆழ்கடலுக்குப் போனவர்களின் பெயர் எந்த அலுவலகத் தாளிலும் இல்லாமல், ஊர்க்காரர்கள் நோட்டில்தான் இருந்தது. உள்நாட்டில் மகளிர் குழுக்கள், ஊர் வகைக் கமிட்டி (ஊர்ப் பொது நிர்வாகக் குழு), ஜமாஅத் ஆகியவை அதே வேலையைச் செய்யும். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஊர்ப் பட்டியலில் ஊர் விலக்கிவைத்தவர்களும் வேற்று மதத்தவரும் வாடகைக்காரரும் இருக்க மாட்டார்கள். ஆகவே அது ஒப்பிட்டுப் பார்க்கத்தான். அதையே இறுதிப் பட்டியலாக்கக் கூடாது.

மூன்றிலும் உள்ள பெயரை உடனே ஒப்புக்கொள்ளலாம். இரண்டில் உள்ளதையும் முதல் தவணைக்கு ஒப்புக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் இருந்தால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இப்படிச் செய்தால் ஆயிரம் வீட்டுக்குப் போக வேண்டிய இடத்தில் நூறு நூற்றைம்பது வீட்டுக்குப் போனால் போதும்.

பிறகு பட்டியலை ஒட்ட வேண்டும். ரேஷன் கடை, கிராம அலுவலகம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லா இடத்திலும். பெயர், தெரு, அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும். ஆதார் எண்ணையும் கைப்பேசி எண்ணையும் சுவரில் ஒட்டுவது பெரிய தப்பு. மோசடிக்காரனுக்கு அழைப்பு வைத்த மாதிரி. மூன்று நாள் ஆட்சேபத்துக்கு விட வேண்டும். “என் பேர் இல்லை” என்று வருபவரை எழுதிக்கொள்வதும், “அவன் பேர் எப்படி வந்தது” என்று வருபவரின் சொல்லை வைத்து யாரையும் அடித்துவிடாமல் விசாரிப்பதும் ஒரே மேசையில் நடக்கலாம்.

கொடுக்கும் நாள்

ஒரு கடையில் 900 அட்டை. பெயர் பார்த்து, கைரேகை வைத்து, பணத்தை எண்ணி, கையெழுத்து வாங்க ஒருவருக்கு மூன்று நிமிடம். மணிக்கு 20 பேர். எட்டு மணி நேரத்துக்கு 160. ஆக ஆறு நாள் வேண்டும். மூன்று நாளில் முடிக்கச் சொன்னால் இரண்டாவது மேசையும் இரண்டாவது ஆளும் தந்தாக வேண்டும். தராவிட்டால் விடியற்காலையிலேயே வரிசை நிற்கும், பலமுள்ளவர் முன்னே போவார், கிழவிகள் திரும்பிப் போவார்கள். டோக்கனில் தேதி மட்டும் போட்டால் போதாது, நேரமும் போட வேண்டும்.

அடுத்து கைரேகை. இந்த மாவட்டத்தில் அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை செய்யும் பெண்களின் விரல்களை உற்றுப் பார்த்தால் விஷயம் புரியும். முந்திரிக் கொட்டைத் தோட்டின் எண்ணெய் தோலை அரித்துவிடும். விரல் நுனி கருத்து, வழவழவென்று, வரியே இல்லாமல் இருக்கும். கருவியில் வைத்தால் பச்சை விளக்கு எரியாது. துடைத்து வைப்பார்கள், அடுத்த விரலை வைப்பார்கள், பத்து விரலும் முடிந்துவிடும். கயிறு திரிப்பவர், வலை இழுப்பவர், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி எல்லாருக்கும் கிட்டத்தட்ட இதே பாடு. ஒரு இயந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அட்டையில் உள்ள வேறொருவரின் விரல், கருவிழி, கைப்பேசிக்கு வரும் எண், கடைசியாகக் கையெழுத்தும் இரண்டு சாட்சியும் என்று வரிசையாக மாற்று வழி இருக்க வேண்டும். அதை வாசலில் எழுதியும் வைக்க வேண்டும். படுக்கையில் இருப்பவர்களும் முதியோரும் தங்கள் சார்பில் பொருள் வாங்க ஆள் நியமிக்கப் படிவம் இருக்கிறது. அதை வெள்ளம் வருமுன்பே கொடுத்துவைப்பது புத்திசாலித்தனம்.

மின்சாரமே இல்லையென்றால்? ஒக்கிக்குப் பின் மாவட்டத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, சிக்னலும் இல்லை. அப்போது கருவி வெறும் பெட்டி. அச்சடித்த பட்டியல், வரிசை எண் போட்ட பதிவேடு, நகல் தாள் வைத்த ரசீதுப் புத்தகம் மூன்றும் ஒவ்வொரு கடையிலும் மழைக்காலத்துக்கு முன்பே பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்க வேண்டும். மின்சாரம் வந்ததும் அன்றன்றைய பதிவைக் கருவியில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் ஒரே அட்டைக்கு இரண்டு முறை போகும், அல்லது அடுத்த மாதம் வாங்காதவர் வாங்கியதாகக் காட்டும்.

பொருளாகக் கொடுத்தால் இன்னொரு கணக்கு. 900 அட்டைக்கு 10 கிலோ அரிசி என்றால் 9,000 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 180. சணல் சாக்கின் எடை மட்டும் சுமார் 580 கிராம். சாக்கோடு சேர்த்து 50 கிலோ என்று இறக்கிவிட்டால் 180 மூட்டைக்கு 104 கிலோ குறையும். பத்து குடும்பத்தின் பங்கு! கடைசி நாள் வரும் பத்துப் பேருக்கு அரிசி இருக்காது, அல்லது ஒவ்வொருவரிடமும் நூறு கிராம் குறையும். இறக்கும்போதே பத்து மூட்டைக்கு ஒன்றைத் தராசில் வைத்து, சாக்கு எடையைக் கழித்து, வந்த அளவைப் பதிவேட்டில் எழுதி, லாரிக்காரரிடம் கையெழுத்து வாங்குவதுதான் மருந்து.

வங்கியில் போட்டால் இந்தத் தொல்லைகள் இல்லை, வேறு தொல்லைகள் உண்டு. ஆதார் வழியாக அனுப்பும் பணம் கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தோமோ அங்கேதான் போய் விழும். எப்போதோ கேஸ் மானியத்துக்காகவோ கடனுக்காகவோ திறந்து மறந்துபோன கணக்காக அது இருக்கும். வங்கிக்குப் போய் “எந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறது” என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் தீர்ந்தது.

இழப்பீடு: சென்ட், ஏர், ஹெக்டேர்

பயிர் இழப்பீட்டுக்கு 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருக்க வேண்டும். வருவாய்த்துறையும் வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து வயலில் இறங்கிப் பார்த்து எழுத வேண்டும். பிழை பெரும்பாலும் அளவையில் வருகிறது. நாம் பேசுவது சென்ட். பட்டாவில் இருப்பது ஹெக்டேரும் ஏரும். 247 சென்ட் ஒரு ஹெக்டேர். ஒரு ஏர் சுமார் இரண்டரை சென்ட். தோவாளையில் 50 சென்ட் நெல் போட்டவருக்கு 17,000 கணக்கில் 3,441 ரூபாய் வர வேண்டும். அவர் பட்டாவில் இது சுமார் 20 ஏர் என்று இருக்கும். எழுதுபவர் 20 சென்ட் என்று பதிந்தால் 1,377 ரூபாய்தான் வரும். 50 ஏர் என்று பதிந்தால் 8,500 வரும், பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். படிவத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்து உழுபவர் நிலை இன்னும் மோசம். பட்டா யார் பெயரிலோ அவருக்கே பணம் போகும். பட்டாக்காரர் வெளியூரில் இருப்பார், சில இடங்களில் உலகத்திலேயே இருக்க மாட்டார். அடங்கலில் (கிராமச் சாகுபடிப் பதிவேட்டில்) சாகுபடி செய்பவர் பெயர் ஏறியிருந்தால் வாதாட ஒரு பிடி கிடைக்கும். விதைக்கும்போதே கிராம அலுவலரிடம் சொல்லி அதை ஏற்றிவிட வேண்டும்.

ரப்பரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒக்கியில் கல்குளம், விளவங்கோடு பக்கம் ரப்பர் வேரோடு சாய்ந்தது. நட்டு ஏழு ஆண்டு போலக் காத்திருந்தால்தான் பால் வெட்ட முடியும். ஒரு ஹெக்டேரில் 400 முதல் 500 மரம் நிற்கும். 2023-இல் அறிவித்த 22,500 ரூபாயை மரத்துக்குப் பிரித்தால் ஐம்பது ரூபாய் பக்கம் வருகிறது. அதுவும் நிலம் உள்ளவருக்கு. அந்த மரத்தில் விடியற்காலை பால் வெட்டிப் பிழைத்தவருக்குப் பட்டாவும் இல்லை, பயிரும் இல்லை. இழப்பீட்டுப் படிவத்தில் அவர் பெயர் எழுத இடமே கிடையாது. உடனடி உதவி ஏன் தாராளமாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்னது முக்கியமாக இவர்களுக்காகத்தான்.

கடலில் காணாமல் போனவர்கள் விஷயத்தில் சட்டப்படி ஏழு ஆண்டு தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கொள்வார்கள். ஒக்கியில் அந்த ஏழு ஆண்டுக்குக் காத்திருக்கச் சொல்லாமல், தனியாக விசாரித்து முடிவுசெய்து 20 லட்சம் ரூபாய் வழங்க அரசு ஏற்பாடு செய்தது. விதி மக்களுக்கு வழிவிட்ட நல்ல உதாரணம் இது. அங்கும் கேட்ட முதல் ஆதாரம் படகில் யார் ஏறினார்கள் என்பதுதான். கடலுக்குப் போகுமுன் ஏறுபவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் எல்லா மீன்பிடி ஊரிலும் வர வேண்டும்.

விடுபட்டால் என்ன செய்வது

வெள்ள நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. ரேஷன் சம்பந்தமான புகாருக்கு 1967. ஆனால் தொலைபேசியோடு நிறுத்திவிடாதீர்கள். வாயால் சொன்னது பதிவேட்டில் நிற்காது. ஒரு வெள்ளைத் தாளில் பெயர், முகவரி, அட்டை எண், பாதித்த தேதி, என்ன பாதிப்பு, எந்தப் பட்டியலில் பெயர் இல்லை என்று அரைப் பக்கத்தில் எழுதி வட்ட வழங்கல் அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ கொடுங்கள். அங்கே நகரவில்லை என்றால் திங்கட்கிழமை நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். மனு எண் போட்ட ரசீது தருவார்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் “என் மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது, எந்தக் காரணத்தால் பெயர் சேர்க்கவில்லை, எங்கள் கடைக்கு வந்த தொகை எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, மீதி எங்கே” என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் சேற்றை அள்ளுமுன் வீட்டைப் படம் எடுத்துவையுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய வேண்டும், பக்கத்தில் வீட்டுக்காரர் ஒருவர் நிற்க வேண்டும், கதவு எண்ணும் அதில் விழ வேண்டும். செத்த பசுவைப் புதைக்குமுன் கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். புதைத்த பிறகு எந்த அதிகாரியும் எழுதித்தர மாட்டார். மனு ரசீதை மூன்று நகல் எடுத்து, ஒன்றை நனையாத உறையில் போட்டு அட்டையோடு வையுங்கள்.